லித்தியம் பேட்டரி வாங்கலாமா? பெங்களூர் வீடுகளிலிருந்து சில கேள்விகள்

மாரத்தஹள்ளி: அண்ணா, எங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கு 150 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர், கொள்ளளவின் அளவு) டியூபுலர் ஆசிட் பேட்டரி இருக்கிறது. அதே 150க்கு லித்தியம் விலை கேட்டால் மயக்கம் வருகிறது.

150க்கு 150 எதற்கு? 12 வோல்ட்டால் பெருக்கினால் உங்களுடையது 1,800 வாட்-ஹவர், அதாவது 1.8 யூனிட். ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும், அதனால் கைக்கு வருவது 0.9தான். 12.8 வோல்ட், 100 ஏ.எச். லித்தியத்தில் 1.28 யூனிட் இருக்கும். 80 சதவீதம் எடுத்தாலே ஒரு யூனிட் வந்துவிடும். எனவே 100க்கு விலை கேளுங்கள். டியூபுலரை நாலைந்து வருடத்தில் மாற்ற வேண்டிவரும் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஆனால் மாதத்துக்கு இரண்டு முறை, அரை மணி நேரம்தான் கரண்ட் போகிறதா? பேட்டரி விற்கிற நானே சொல்கிறேன், பழையதற்குத் தண்ணீர் ஊற்றி ஓட்டுங்கள்.

அல்சூர்: பெட்டியில் 6000 சைக்கிள், அதாவது அத்தனை முறை ஏற்றி இறக்கலாம் என்று போட்டிருக்கிறது. தினம் ஒன்று என்றால் 16 வருடம் வருமா சார்?

வகுத்தால் வரும். ஆனால் அது சோதனைக்கூடத்தில், 25 டிகிரி போன்ற இதமான சூட்டில் எடுக்கும் கணக்கு. கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கும் வரை எண்ணுவார்கள். நம் வீட்டில் சைக்கிள் தீருவதற்குள் வயசு தீர்ந்துவிடும். செல் சும்மா இருந்தாலும் மூப்படையும், வெயில் பட்டால் இன்னும் வேகமாக. என் மேசைக்கு வரும் பல பெட்டிகளில் செல் நன்றாகவே இருக்கிறது, போனது செல்களைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். போர்டுதான். அதனால் சைக்கிளை விடுங்கள். வாரண்டி எத்தனை வருடம், போர்டும் அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி: பழைய இன்வெர்ட்டரிலேயே மாட்டலாமா?

அதில் லித்தியம் மோடு (லித்தியத்துக்கு ஏற்றபடி சார்ஜ் செய்யும் அமைப்பு) இருந்தால் மாட்டலாம். சில ஆசிட் சார்ஜர்கள் அவ்வப்போது வோல்டேஜை ஏற்றிவிடும். நாலு செல் அயர்ன் பாஸ்பேட் (லித்தியத்தில் ஒரு வகை) பேட்டரிக்கு 14.6 வோல்ட்தான் உச்சம். இதைத் தெரிந்துவைத்திருந்தும் என் வீட்டில் சோம்பேறித்தனமாக மாட்டினேன். பி.எம்.எஸ். பேட்டரியைத் துண்டித்துவிட்டது. ராத்திரி கரண்ட் போனபோதுதான் தெரிந்தது, மனைவி டார்ச்சோடு வந்து நின்றாள்.

வைட்ஃபீல்டு: எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எரிகிற வீடியோ பார்த்துப் பயமாக இருக்கிறது.

லித்தியத்தில் வகை உண்டு. வீட்டுக்கு அயர்ன் பாஸ்பேட் வாங்குங்கள். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகையை விட அது சூட்டைத் தாங்கும். எரியவே எரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளியேறும் வழியில், மாடிப்படிக்கு அடியில் வைக்க வேண்டாம். பேட்டரி வீங்கினால் உடனே நிறுத்துங்கள்.

ராமமூர்த்தி நகர்: பொங்கலுக்குச் சேலம் போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும். ஃபுல் சார்ஜில் விட்டுப் போகலாமா அண்ணா?

பாதி சார்ஜில் அணைத்துவிட்டுப் போங்கள். வந்ததும் ஒருமுறை நூறு வரை ஏற்றுங்கள். பாஸ்பேட் செல்லின் வோல்டேஜ் ரொம்ப நேரம் ஒரே மட்டத்தில் நிற்கும், அதனால் காட்டும் சதவீதம் மெல்லத் தப்பாகிவிடும். முழுசாக ஏறும்போதுதான் அது சரியாகும், செல்களும் சமனாகும்.

கே.ஆர்.புரம்: செத்த லித்தியத்தைக் காயலான் கடையில் போடலாமா?

வேண்டாம். ஆசிட் பேட்டரியின் ஈயத்துக்கு அங்கே மரியாதை உண்டு, இதை உடைத்துப் பார்ப்பார்கள். பேட்டரிக் கழிவு விதிகள் 2022 வந்த பிறகு, பழையதைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர் பொறுப்பு. வாங்கின கடையிலேயே கொடுங்கள்.