களக் கையேட்டை எப்போது திறப்பது?

வணக்கம்.

வெப்பமண்டலக் காடுகளில் பறவை பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். நல்ல களக் கையேடு ஒன்றும் கையில் இருக்கிறது. பறவையைக் கண்டதும் பக்கங்களைப் புரட்டுகிறேன். ஒரே சாயலில் ஏழெட்டுப் படங்கள். நிமிர்வதற்குள் பறவை போய்விடுகிறது. ஒரு பெயரைச் சொன்னால், "அது இந்தப் பக்கமே வராதே" என்கிறார்கள். புத்தகத்தை விட்டுவிட்டுச் செயலியை மட்டும் நம்பலாமா?

கே.

அன்புள்ள கே.,

புத்தகத்தை விட வேண்டாம். அதைத் திறக்கும் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். ஈக்குவடோர் சின்ன நாடுதான், ஆனால் அங்கே 1,600க்கு மேற்பட்ட பறவையினங்கள் உண்டு. அவ்வளவையும் அடக்கிய நூலைக் காட்டில் நின்றபடி புரட்டினால் யாருக்குமே விடை கிடைக்காது. வேலையில் பாதி வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் இனங்களை அல்ல, குடும்பங்களைப் படியுங்கள். கையேடுகள் பெரும்பாலும் வகைப்பாட்டு வரிசையில்தான் அமைந்திருக்கும். குக்குறுவான், மரங்கொத்தி, சிலம்பன், ஈப்பிடிப்பான், தேன்சிட்டு என ஒவ்வொரு குடும்பமும் தொடங்கும் பக்கத்தில் ஒட்டுச்சீட்டு வையுங்கள். உடலமைப்பு, அலகு, உட்காரும் விதம், இரை தேடும் முறை இவற்றை வைத்துக் குடும்பத்தைச் சொல்லிவிட்டால் புரட்ட வேண்டியது நாலைந்து பக்கங்கள்தான். குடும்பமே தவறினால் அப்புறம் எல்லாமே தவறு. அக்காக்குயில் பறக்கும்போது வல்லூறு போலவே தெரியும். நிறமும் வால்பட்டைகளும் அப்படி. அலகைப் பார்த்தால் குழப்பம் தீரும்: வல்லூறுக்குக் கொக்கி அலகு, குயிலுக்கு மெலிந்த அலகு.

அடுத்து, போகும் இடத்துக்கான பட்டியல். பறவை பார்ப்பவர்கள் கண்டதைப் பதியும் ஈபேர்ட் தளத்தில் அந்த இடத்தில் அந்த மாதத்தில் பதிவான இனங்களைப் பார்த்து, கையேட்டில் அவற்றுக்குப் பென்சிலால் புள்ளி வையுங்கள். நீங்கள் சொன்ன "இந்தப் பக்கமே வராதே" சிக்கல் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். பரவல் வரைபடம் மட்டும் போதாது. கட்டைவிரல் அளவு படத்தில் மலையும் பள்ளத்தாக்கும் தெரியாது. குறிப்பில் உள்ள உயர எல்லையைப் படியுங்கள். ஆண்டீஸ் போன்ற மலைகளில் சில நூறு மீட்டர் ஏறினாலே ஓர் இனம் மறைந்து, அதன் நெருங்கிய உறவினம் வந்துவிடும். அமேசானில் பல இனங்களுக்கு ஆறே எல்லை. ஆகவே உயரம், வாழிடம், மாதம் மூன்றையும் பார்த்துப் பொருந்தாதவற்றைக் கழித்த பிறகே படத்துக்கு வாருங்கள்.

காட்டில் பறவை பார்வையில் இருக்கும்வரை புத்தகம் பையிலேயே இருக்கட்டும். இருநோக்கியை இறக்காமல், கண்டதை வாய்விட்டுச் சொல்லிக் கைப்பேசியில் பதியுங்கள். தெரிந்த பறவையோடு ஒப்பிட்ட அளவு, அலகு, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது, என்ன செய்தது. பிறகு கண்வளையம், புருவக்கோடு, இறக்கைப்பட்டை, பிட்டம், வாலடி, கால் நிறம். கடைசி மூன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்கத் தீக்காக்கைகள் (ட்ரோகன்) பலவற்றைப் பிரித்தறிய வாலின் அடிப்பக்கப் பட்டைகள்தான் துணை. படத்தைப் பார்த்த பிறகு நினைவை எழுதினால், பார்க்காத கோடும் பார்த்ததாகத் தோன்றும். அதனால்தான் பதிவு முதலில்.

படங்கள் ஏமாற்றும் இடங்களும் உண்டு. ஓவியத்தில் ஒளி சீராக விழும். பறவை பக்கவாட்டில் நிற்கும். காட்டிலோ மர உச்சிகளின் விதானத்தை அண்ணாந்து பார்க்கிறோம். வானத்தின் வெளிச்சம் பின்னால் இருப்பதால் அடிவயிறு கருத்துவிடும், இலைகளின் பச்சை சாம்பல் நிறத்தின் மேல் படியும். தேன்சிட்டின் மினுக்கம் கோணம் மாறினால் வெறும் கறுப்பு. அதனால் நிறத்தைவிட வடிவத்தையும் கோடுகளையும் நம்புங்கள். படம் எடுத்தால் ஒளியளவை ஒரு படி கூட்டி எடுங்கள். நீள அளவு அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை என்பதால் நீண்ட வால்கொண்ட சிறிய பறவை ஏட்டில் பெரிதாகத் தெரியும். வால் இறகு உதிர்வதும் உண்டு: இரு துடுப்பும் இழந்த துடுப்புவால் கரிச்சான் சாதாரணக் கரிச்சான்போல் இருக்கும், நெற்றிக் கொண்டையைத் தேடுங்கள்.

பல இனங்கள் சேர்ந்து இரைதேடும் கூட்டம் வந்தால் எல்லாவற்றையும் பிடிக்க முயலாதீர்கள். ஒரு பறவையைத் தேர்ந்து, அது போகும்வரை அதையே பாருங்கள். கூட்டம் பெரும்பாலும் அதே வட்டாரத்தில் சுற்றுவதால் மற்றவற்றுக்கும் வாய்ப்பு வரும்.

பெயர்களும் குழப்பும். ஆசியக் குக்குறுவான்கள் பலவற்றின் அறிவியல் பெயரில் முதல் பகுதி (பேரினம்) பழைய நூல்களில் மெகலைமா, இப்போது சைலோபோகன். செயலியும் நூலும் முரண்படுவதுபோல் தெரிந்தால், அறிவியல் பெயரின் இரண்டாம் பகுதியை முதலில் ஒப்பிடுங்கள்.

செயலி குரலுக்கு மிக உதவும். பச்சை இலைகளுக்குள் பச்சைக் குக்குறுவானைக் கண்ணால் தேடுவதைவிடக் காதால் பிடிப்பது எளிது; ஆப்பிரிக்காவின் பச்சைக் கொண்டைக்குருவிகளில் பலவற்றுக்குக் குரல்தான் முக்கியச் சான்று. ஆனால் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி எல்லா வெப்பமண்டல இனங்களின் குரலையும் அறியாது. அறியாத குரலுக்கு அறிந்த ஒன்றின் பெயரைச் சொல்லிவிடக்கூடும். துடுப்புவால் கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலைப் போலிசெய்யும், அதையும் எண்ணிக்கொள்ளுங்கள். செயலி சொன்ன பெயரைப் பென்சில் புள்ளிகளோடு ஒத்துப்பாருங்கள். பறவையைக் கண்ணாலும் கண்ட பிறகே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு இனங்களுக்கிடையே முடிவெடுக்க முடியவில்லையென்றால் "இலைக் கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை" என்றே எழுதுங்கள். ஈபேர்டிலும் அப்படிப் பதிய இடம் இருக்கிறது.