ஏழு ஏழாக வைத்த புள்ளிகள்

கேள்வி: மும்பை செம்பூரில், ஏழாவது மாடியில், இரண்டு படுக்கையறை வீட்டில் வசிக்கிறோம். மே மாத விடுமுறையில் 9 வயது மகளும் 6 வயது மகனும் கைபேசியை விட்டு நகர்வதில்லை என்பதால், நான்கு அங்குல வெள்ளை செராமிக் டைல்களில் படம் வரையும் கைவேலையைத் தொடங்கினேன். கார்ட்டூன் உருவங்களைக் கார்பன் தாள் வைத்து நானே பதித்துக் கொடுக்கிறேன். அவர்கள் வண்ணம் தீட்டினால் போதும். ஆனாலும் இருபது நிமிடத்தில் சலித்துவிடுகிறது. தீட்டிய பெயிண்டும் ஒரு வாரத்தில் உரிந்து வருகிறது. கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கும் மாமியாருக்கு 74 வயது, கை நடுக்கம் உண்டு. ஈர டைலைத் தொட்டுக் கெடுத்துவிடுவார் என்பதால் அந்த நேரத்தில் அவரை உள்ளறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிடுவேன். ஒருநாள் நான் கடைக்குப் போயிருந்தபோது மகளின் கறுப்பு மார்க்கரை எடுத்து, புது டைல் ஒன்றில் ஏழு ஏழாகப் புள்ளி வைத்துவிட்டார். ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டியதாயிற்று. பெயிண்ட் நிலைக்க என்ன செய்வது? குழந்தைகளுக்குச் சலிக்காத எளிய மாதிரிகள் உண்டா?

– செம்பூர் வாசகி

பதில்: விடுமுறை தொடங்கினாலே இந்தக் கடிதம் வந்துவிடுகிறது. ஊர் மாறும், டைலுக்குப் பதில் களிமண்ணோ கண்ணாடிக் குப்பியோ இருக்கும், எந்தப் பெயிண்ட், எந்த மாதிரி என்ற கேள்வி மட்டும் மாறுவதில்லை. இரண்டுக்கும் பதில் இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் ஒரு தொல்லையாக எண்ணிப் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

நான்கு அங்குல டைலில் ஏழு ஏழாகப் புள்ளி என்றால் மொத்தம் 49 புள்ளிகள். ஓரத்தில் ஒரு விரலகலம் விட்டு வைத்தால், புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே கிடைப்பது சுமார் 12 மில்லிமீட்டர்தான். வழுக்கும் பரப்பில், பழக்கமில்லாத மார்க்கரைப் பிடித்து, 74 வயதில் ஒருவர் அதைச் செய்து முடித்திருக்கிறார். நீங்கள் எண்ணிச் சொல்லும்படி வரிசைகள் தெளிவாகத் தெரிந்திருக்கின்றன. கை நடுங்கித் தாறுமாறாக விழுந்த கறையை யாரும் ஏழு ஏழு என்று எண்ணுவதில்லை. கை நடுக்கம் என்று சொல்லி அவரை உள்ளே அனுப்பிய நீங்களே, அந்தக் கை என்ன செய்யும் என்பதற்கு அத்தாட்சியையும் எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

கோலத்துக்குப் புள்ளி வைத்தவர் இழை இழுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். நீங்கள் அதற்குள் திரும்பி வந்திருக்கலாம்; அல்லது பேத்தி வந்து இழுக்கட்டும் என்று அவர் காத்திருந்திருக்கலாம். எதுவென்று அவரிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் கடிதத்தில் அது இருந்திருக்கும். ஸ்பிரிட்டை எடுத்தீர்கள், துடைத்தீர்கள், முடிந்தது. அதைக் குழந்தைகள் பார்த்திருந்தால், டைலில் எதை வேண்டுமானாலும் வரையலாம், பாட்டி வரைந்தது மட்டும் அழுக்கு என்று கற்றுக்கொண்டிருப்பார்கள். விடுமுறையில் அவர்கள் கற்ற பாடங்களில் மறக்காமல் நிற்கப்போவது இதுவாகத்தான் இருக்கும்.

கும்பகோணத்தில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு வாழ்ந்தவருக்கு ஏழாவது மாடியில் வாசல் என்று எது இருக்கிறது? அடுத்த வீட்டாரும் நடக்கும் பொது நடைவழி இருக்கிறது. நிலைப்படிக்கு முன் ஓர் அடி இடம் இருந்தாலும் அங்கே பெரும்பாலும் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருக்கும். ஊரையும் வீட்டையும் விட்டு வந்தவரின் கைக்கு உங்கள் வீட்டில் ஒரு வேலையும் இல்லை. தானாக ஒரு நாள் அவர் ஒரு வேலையைக் கண்டுபிடித்தார். சோறும் மாத்திரையும் வேளைக்குக் கொடுத்துவிட்டால் பெரியவர்களைப் பார்த்துக்கொண்டதாகிவிடும் என்று நம் வீடுகளில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை நான் ஒப்புக்கொள்வதில்லை. வீட்டில் நாலு பேர் கூடிச் செய்யும் காரியத்தில் அவர்களுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும்; சாத்திய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பேரக்குழந்தைகளின் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு அவர் கும்பகோணத்தைவிட்டு வந்திருக்க வேண்டியதில்லை.

இனி, குழந்தைகளுக்கு ஏன் சலிக்கிறது என்பதைப் பார்ப்போம். படத்தை நீங்கள் தேர்ந்தெடுத்து, நீங்களே பதித்தும் கொடுத்துவிடுகிறீர்கள். கோட்டுக்குள் வண்ணம் நிரப்புவது மட்டும்தான் அவர்கள் பங்கு என்றால், அதற்கு இருபது நிமிடம் போதும். சிக்குக் கோலம் அப்படி முடியாது. இழை புள்ளியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய், தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். நடுவில் ஒரு வளைவு தவறினால் கடைசியில் முட்டும். எங்கே தவறியது என்று தேடும் குழந்தை கைபேசியை நினைப்பதில்லை. உங்கள் மகனுக்கு மூன்று புள்ளி மூன்று வரிசை போதும். மகளுக்கு ஏழு புள்ளி வைத்து நான்கில் நிறுத்தும் ஊடுபுள்ளியைக் கொடுங்கள்; அதில் ஒரு வரிசையின் புள்ளிகள் அடுத்த வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக அமையும். நடுவில் ஏழு, இருபுறமும் ஆறு, ஐந்து, நான்கு என்று வரும். மொத்தம் 37 ஆவது எப்படி என்று அவளையே கணக்கிடச் சொல்லுங்கள். எளிய மாதிரி கேட்டீர்கள். இதைவிட எளியதையும் ஆழமானதையும் நான் அறியேன், இதைச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் உங்கள் வீட்டு உள்ளறையில் இருக்கிறார்.

மேசையின் நடுவில் அவரை உட்காரவையுங்கள். முழங்கை இரண்டும் மேசைமேல் ஊன்றும் உயரத்தில் நாற்காலி இருக்கட்டும். டைலுக்கு அடியில் ஈரத்துணியை நான்காக மடித்துப் போட்டால் நழுவாது. முதல் சில நாட்களுக்கு ஒயிட்போர்டு மார்க்கர் கொடுங்கள். தவறினால் உலர்ந்த துணியால் அழித்துவிட்டு மறுபடியும் போடலாம், ஒரே டைலில் எத்தனை முறை வேண்டுமானாலும் பழகலாம். அவர் புள்ளி வைக்கட்டும், பேத்தி இழை இழுக்கட்டும். கை தேறியபின் பெயிண்டுக்குப் போங்கள்.

பெயிண்ட் உரிவதற்குக் காரணம் டைலின் முகம். அதில் இருப்பது சூளையில் உருகிப் படிந்த கண்ணாடிப் பூச்சு. பெயிண்ட் ஊறி இறங்க அதில் துளை கிடையாது. டைலின் பின்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உறிஞ்சிக்கொள்ளும்; முன்புறத்தில் விட்டால் அப்படியே நிற்கும். பள்ளிக்கூட போஸ்டர் கலரும் சாதாரண அக்ரிலிக்கும் இந்த முகத்தில் பற்றாமல் மேலாகக் காய்ந்து நிற்பவை. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் இன்னும் சீக்கிரம் உரியும். ஆகவே டைலைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மாமியாரின் புள்ளிகளைத் துடைத்த அதே ஸ்பிரிட்டை வரைவதற்கு முன்னால் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். அதன்பின் ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பற்றும் என்பதால் சமையலறையில் வேண்டாம். ஜன்னலைத் திறந்துவைத்து அதை நீங்கள் மட்டும் கையாளுங்கள். பெரிய டைலைக் கடையில் வெட்டி வாங்கியிருந்தால், வெட்டிய விளிம்பு கையைக் கீறும். உப்புத்தாளால் தேய்த்த பிறகே குழந்தைகளிடம் கொடுங்கள்.

செராமிக்கும் கண்ணாடிக்கும் உரியது என்று புட்டியில் எழுதி விற்கும் பெயிண்டை வாங்குங்கள். கெட்டியாக ஒரு பூச்சு பூசுவதைவிட, மெல்லியதாகப் பூசி, அது காய்ந்தபின் இன்னொரு முறை பூசுவது நிலைக்கும். மும்பையின் மே மாதக் காற்றில் ஈரம் மிகுதி. அதனால் ஒரு முழு நாள் காயட்டும். வீட்டில் ஓடிஜி என்னும் மின் அடுப்பு இருந்தால், அது குளிர்ந்திருக்கும்போதே டைலை உள்ளே வைத்துவிட்டுச் சூட்டை ஏற்றுங்கள். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது புட்டியிலேயே இருக்கும். பெரும்பாலும் 150 டிகிரி செல்சியஸை ஒட்டி, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கும். அணைத்தபின் உள்ளேயே ஆறவிட வேண்டும். சூட்டோடு வெளியே எடுத்துக் குளிர்ந்த மேடையில் வைத்தால் விரிசல் விட்டுவிடும்.

இவ்வளவு செய்தாலும் இது சூளையில் வெந்த வண்ணத்துக்கு ஈடாகாது. கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர்களின் வழிபாட்டுக்கூடத் தரையில், 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த கைவரை நீல டைல்கள் இன்றும் இருக்கின்றன. அந்த நீலம் பூச்சோடு சேர்ந்து சூளையில் வெந்தது. நீங்கள் செய்வது பூச்சின் மேலே ஒட்டியிருக்கும் படலம். அதைத் தரையில் பதிக்காதீர்கள், அதன்மேல் தின்பண்டம் வைக்காதீர்கள், நாரால் தேய்க்காதீர்கள். நிலைப்படியை ஒட்டிய சுவரில், குழந்தைகளின் கண்ணுயரத்தில் பொருத்தினால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். அதற்குப்பின் அந்த வாசலுக்கு ஸ்டிக்கர் எதற்கு?

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. மாமியாருக்குக் கை நடுக்கம் என்று எழுதிய நீங்கள், மருத்துவரிடம் காட்டியதாக ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. வயதானால் நடுங்கத்தான் செய்யும் என்று விட்டுவிடாதீர்கள். சிலருக்குக் கை சும்மா இருக்கும்போது நடுங்கி, வேலையில் இறங்கினால் அடங்கும். சிலருக்கு வேலை செய்யும்போதுதான் நடுக்கம் கூடும். தைராய்டு சுரப்பு கூடுவதாலும் வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரையாலும்கூட நடுக்கம் வரும். எது காரணம் என்பதை நரம்பியல் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பலவற்றுக்கு மருந்து உண்டு. உங்கள் கணவர் இந்தக் கடிதத்தில் ஓரிடத்திலும் வரவில்லை. அவரைப் பெற்ற தாயை மருத்துவரிடம் அழைத்துப்போவது முதலில் அவருடைய கடமை. அதையும் நீங்களே இழுத்துப்போட்டுக்கொண்டு செய்ய வேண்டாம். அவரை ஒரு நாள் விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள்.

இன்று மாலையே ஒரு வெற்று டைலையும் மார்க்கரையும் மாமியாரிடம் கொடுத்து, அன்று துடைத்தது தவறு என்று குழந்தைகள் காதுபடச் சொல்லுங்கள். அடுத்த கடிதத்தில் மருத்துவர் என்ன சொன்னார் என்பதை முதலில் எழுதுங்கள். டைலைப் பற்றி அதற்குப் பிறகு எழுதலாம்.