பழைய காருக்குப் பதில் எது?

கேள்வி: 15 வருடமான காரை மாற்றப்போகிறேன். தினமும் 5 கி.மீ. ஓட்டம்தான். பயன்படுத்திய சிறிய ஹேட்ச்பேக் போதும். டீசல் வாங்கலாமா? எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: டீசல் வேண்டாம். இவ்வளவு குறைந்த ஓட்டத்தில் புகைக்குழாயின் கரித்துகள் வடிகட்டி போதுமான அளவு சூடேறாமல் அடைத்துக்கொள்ளும். 1.0 அல்லது 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர் போதும்.

இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதே ஸ்டார்ட் செய்யுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படலாம். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் இரைச்சல் மட்டும் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது.

டைமிங் பெல்ட் (வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக இயங்க வைக்கும் ரப்பர் பட்டை) உள்ள இன்ஜினா? மாற்றிய ரசீதைக் கேளுங்கள். அது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் மோதி வால்வு வளைந்துவிடும். காரின் விலைக்கே வேட்டு. டயரில் 2319 என்றிருந்தால் 2019-இன் 23ஆம் வாரத் தயாரிப்பு. டயர் பழையதென்றால் அதற்கும் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.