பெயர் தெரியாதவருக்கு ஒரு பாட்டில்: ரத்த தானம் கேள்வி பதில்

வணக்கம். ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியனாக 30 வருடம் இருந்தேன். ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கப் பிடிக்காமல், ரத்தம் தேவைப்படுகிறவரையும் கொடுக்கத் தயாராக இருப்பவரையும் போனில் கோர்த்துவிடுகிறேன். இன்று மாலை 6 மணியிலிருந்து தூக்கம் வரும்வரை கேளுங்கள். நான் டாக்டர் இல்லை, அதனால் சிகிச்சை பற்றிக் கேட்க வேண்டாம். ரத்தத்துக்குக் காசு பேசினால் போனை வைத்துவிடுவது என் வழக்கம், இங்கேயும் அதுதான்.

முதல்முறைக்காரன்: அண்ணே, எனக்கு 19 வயது, 52 கிலோ. கொடுக்கலாமா? அம்மா பயப்படுகிறார்.

கொடுக்கலாம் தம்பி. 18 வயது முடிந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். உங்கள் எடைக்கு 350 மில்லிதான் எடுப்பார்கள். அதன் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும், சிவப்பணுக்கள் ஈடாகச் சில வாரம் ஆகும். அதனால்தான் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், நேரில் பார்த்தால் பயம் போய்விடும். ஒன்று மட்டும், வெறும் வயிற்றோடு போகாதீர்கள். நான் தாங்கிப் பிடித்தவர்களில் பெரும்பாலானோர் காலையில் ஒரு டீயை மட்டும் குடித்துவிட்டு ஓடி வந்தவர்கள்.

மயில்தோகை: போன மாதம் கையில் டாட்டூ போட்டேன். கொடுக்கலாமா?

போட்ட நாளிலிருந்து ஒரு வருடம் கழித்து.

நாகமலை ரோடு: சார், போன வருடம் ராத்திரி 11 மணிக்கு 20 கிலோமீட்டர் பைக்கில் போய்க் கொடுத்தேன். அந்த வீட்டுக்காரர்கள் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் போவதில்லை. நான் செய்வது தப்பா?

உங்கள் கோபம் தப்பில்லை. ஆனால் அன்று நடந்தது என்ன என்பது உங்களுக்கு முழுசாகத் தெரியாது. அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீங்கள் கொடுத்த ரத்தம் அன்றைக்கே அந்த நோயாளிக்கு ஏறியிருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. எடுத்த ரத்தத்தை எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மேகநோய் (சிபிலிஸ்), மலேரியா என்று ஐந்துக்கும் பரிசோதிக்க வேண்டும். பெரிய ரத்த வங்கி என்றால் அதைப் பிரிக்கவும் செய்வார்கள். சிவப்பணு ஒரு பை, ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் ஒரு பை, பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி ஒரு பை. அவசரத்துக்கு அந்த நோயாளிக்கு ஏற்றியது ஏற்கெனவே ஃபிரிட்ஜில் இருந்தது. யாரோ ஒருவர் பத்து நாள் முன்பு, யாருக்கு என்று தெரியாமலே கொடுத்துவிட்டுப் போனது. அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் உங்களைக் கூப்பிட்டார்கள்.

ஆக, அந்த வீட்டார் நன்றி சொல்ல வேண்டிய ஆள் நீங்களே இல்லை! உங்களுக்குக் கடன்பட்டவர்கள் வேறு யாரோ மூன்று பேர். பிரசவத்தில் ஒருத்தி, டெங்குவில் ஒரு பையன், தீக்காயத்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு உங்களைத் தெரியாது.

அப்புறம், ஐசியூ வாசலில் நிற்கிறவர்களை நீங்கள் ஒரு ராத்திரி பார்த்தீர்கள், நான் 30 வருடம் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தங்கள் செருப்பு எங்கே கிடக்கிறது என்பதே தெரியாது. என் சொந்த அண்ணன் மகன் விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோது நானே நான்கு பேரிடம் ரத்தம் வாங்கினேன். அவர்களில் ஒருவர் முகம்கூட இன்று நினைவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் சொல்கிற எனக்கே அந்தக் கதி.

ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர் இருந்தார். 14 வயதில் நெஞ்சில் பெரிய அறுவை சிகிச்சை. முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தத்தில் பிழைத்தார். அவர்களைத் தேடிப் போகவில்லை. 18 வயதானதும், 1954-இல், தானே கொடுக்கத் தொடங்கினார். 2018 வரை 1,173 முறை. பெரும்பாலும் பிளாஸ்மா மட்டும் என்பதால் அவ்வளவு அடிக்கடி முடிந்தது. ஊசி ஏறும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்வாராம். அவருடைய பிளாஸ்மாவில் இருந்த ஆன்டி-டி என்ற பொருளிலிருந்து செய்த மருந்து, தாயின் ரத்தம் ஆர்எச் நெகட்டிவ், பிள்ளையுடையது பாசிட்டிவ் என்ற நிலையில், தாயின் உடம்பு பிள்ளையின் ரத்தத்தைத் தாக்காமல் காப்பது. 20 லட்சம் குழந்தைகளுக்கு மேல் அதனால் பயன்பெற்றார்கள் என்பது அந்த நாட்டுக் கணக்கு. 2025 பிப்ரவரியில் 88 வயதில் இறந்தார்.

போகாமல் விட்டு எத்தனை நாள் ஆச்சு? 90 தாண்டியிருந்தால் நாளைக்கே போகலாம்.

கவிதா சமையல்: மாதுளை, பீட்ரூட் சாப்பிட்டால் ஹீமோகுளோபின் ஏறுமா?

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள் அம்மா. இரும்புச் சத்துக்கு முருங்கைக்கீரை, கேழ்வரகு, சுவரொட்டி, ஈரல். தொடர்ந்து குறைவாக இருந்தால் டாக்டரிடம் காரணம் கேளுங்கள்.

பிபி மாத்திரை: பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். கொடுக்கலாமா?

முகாமில் இருக்கும் டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரைப் பட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

ஃபார்வர்டு மணி: "4 வயதுக் குழந்தைக்கு ஏ நெகட்டிவ் அவசரம்" என்று ஒரு தகவல் வந்தது. 200 பேருக்கு அனுப்பிவிட்டேன்.

அதில் தேதி இருந்ததா? மருத்துவமனை பெயர் இருந்ததா? அந்த எண்ணுக்கு ஒருமுறை போன் போட்டுப் பார்த்தீர்களா? இல்லையென்றால் நீங்கள் செய்தது உதவி இல்லை, இரைச்சல். இதே போன்ற ஒரு தகவலில் எண் கொடுத்திருந்த ஒரு தகப்பனாரை எனக்குத் தெரியும். பிள்ளை இறந்து இரண்டு வருடம் கழித்தும் ராத்திரியில் போன் வந்துகொண்டே இருந்தது. "சார், ரத்தம் கிடைத்துவிட்டதா?" என்று. கேட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். தேதி போடுங்கள். தேவை முடிந்ததும் "முடிந்தது" என்று இன்னொரு தகவல் அனுப்புங்கள்.

ஊர்க்காரன்: எங்கள் சமுதாயத்து இளைஞர்கள் சேர்ந்து 140 பேர் பட்டியல் வைத்திருக்கிறோம். எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் கொடுப்போம். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று பெரியவர்கள் சொல்லவில்லையா? இதில் என்ன தப்பு?

சொன்னார்கள். ஆனால் 90 நாளுக்கு ஒருமுறை உங்கள் உடம்பில் 350 மில்லி மிஞ்சிக்கொண்டே இருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? பையில் ஒட்டுகிற லேபிளில் குரூப், எண், எடுத்த தேதி, காலாவதி தேதி இருக்கும். சாதிக்குக் கட்டம் கிடையாது. சரி, அதை விடுங்கள். 140 பேரில், எளிதில் கிடைக்காத ஓ நெகட்டிவ் எத்தனை பேர்?

ஊர்க்காரன்: இரண்டு பேர். அண்ணே, நீங்கள் அரசியல் பேசுகிறீர்கள். நான் பாதுகாப்பைச் சொல்கிறேன். சொந்தபந்தத்து ரத்தம் என்றால் ஒரு நம்பிக்கை.

அங்கேதான் விஷயம் தலைகீழ். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர், பிள்ளை ஆகியோரின் ரத்தத்தை அப்படியே ஏற்றுவதை முடிந்தவரை தவிர்ப்பார்கள். காரணம் இது. கொடுத்தவரின் வெள்ளையணுக்களில் சில, வாங்கியவரின் உடம்புக்குள் போகும். அந்நியர் என்றால் உடம்பு அவற்றை அடையாளம் கண்டு அழித்துவிடும். நெருங்கிய சொந்தம் என்றால் 'நம்ம ஆள்தான்' என்று சில சமயம் விட்டுவிடும். உள்ளே தங்கிய அந்த அணுக்கள் வாங்கியவரின் தோல், குடல், ஈரல், எலும்பு மஜ்ஜை எல்லாவற்றையும் தாக்கத் தொடங்கும். அரிதாக வருவது, ஆனால் வந்தால் பிழைப்பது கஷ்டம். சொந்தக்காரர் ரத்தம்தான் வழி என்றால் கதிர்வீச்சு காட்டி, அந்த அணுக்களைப் பெருகவிடாமல் செய்து ஏற்றுவார்கள். மரபு ஒத்திருக்கும் மக்களிடையே இந்த ஆபத்து கூடுதல். ஜப்பானில் இதைக் கண்டுதான் கதிர்வீச்சு காட்டுவதை வழக்கமாக்கினார்கள். உங்களுக்கு நல்ல ரத்தம் அடுத்த தெருக்காரனுடையது, தம்பி.

செங்கொடி: இப்படிப்பட்ட ஆட்களுக்கு ஏன் இவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்கிறீர்கள்? முதலில் இவரை வெளியேற்றுங்கள்.

எதற்கு? ராத்திரி 2 மணிக்கு போனை எடுக்கக் கூடிய 140 பேரை ஒன்று சேர்த்து வைத்திருக்கிற மனுஷர் அவர். நீங்கள் எத்தனை பேரைச் சேர்த்திருக்கிறீர்கள்? திட்டி அனுப்பினால் உங்களுக்கு ஒரு திருப்தி. எனக்கு இரண்டு ஓ நெகட்டிவ் நஷ்டம்.

செங்கொடி: அப்படியானால் சாதி வெறியை ஒத்துக்கொள்கிறீர்களா?

இல்லை. மேலே நான் எழுதியதை இன்னொரு முறை படியுங்கள்.

வரலாற்றுப் பிரியன்: இந்தக் கூத்து நம் ஊரில் மட்டும்தானா?

அமெரிக்காவைக் கேளுங்கள். பிளாஸ்மாவைச் சேமித்து அனுப்பும் முறைக்கு முன்னோடியாக இருந்த மருத்துவர் சார்லஸ் ட்ரூ, கறுப்பினத்தவர். 1941-இல் அந்த நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பினத்தவர் ரத்தமே வேண்டாம் என்றது. 1942-இல் வாங்கிக்கொள்ளத் தொடங்கியது, ஆனால் தனியாகப் பிரித்து வைத்தது. இதற்கு அறிவியலில் ஆதாரமே இல்லை என்று தெரிந்தே செய்தார்கள். சங்கம் அதை நிறுத்தியது 1950-இல்.

ஊர்க்காரன்: சரி அண்ணே. அந்த இரண்டு பேரிடம் கேட்டுப் பார்க்கிறேன். மற்றவர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது.

இரண்டு போதும். அவர்களின் எண்ணைப் பொதுவில் போடாதீர்கள், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை: நாங்கள் சும்மா கொடுக்கிறோம். ஆஸ்பத்திரி ஏன் பில் போடுகிறது?

பைக்கும், பரிசோதனைக்கும், பிரிப்பதற்கும் ஆகிற செயலாக்கக் கட்டணம் அது. ரத்தத்துக்கு விலை இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. காசுக்காக வாராவாரம் கொடுத்து, வியாதியை மறைத்தவர்களை நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்திருக்கிறேன். உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் அது ஒழிந்தது. "பெட்ரோலுக்காவது வாங்கிக்கோங்க" என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், வாங்காதீர்கள்.

மன்றத் தம்பி: தலைவர் பிறந்தநாளுக்கு 300 பேர் கொடுக்கிறோம். விளம்பரம் என்று கேலி செய்கிறார்கள்.

கேலி செய்கிறவர் கொடுத்தாரா என்று கேளுங்கள். போட்டோ எடுங்கள், பேனர் வையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. என் கவலை வேறு. சிவப்பணு 42 நாள்வரை தாங்கும். பிளேட்லெட்டுக்கு ஆயுள் 5 நாள்தான். ஒரே நாளில் 300 பை வந்தால் குப்பைக்குப் போவதும் உண்டு. 100, 100 ஆக மூன்று மாதத்துக்குப் பிரியுங்கள். ஒன்றைப் பள்ளி, கல்லூரி விடுமுறைக் காலமான மே மாதத்தில் வையுங்கள், அப்போதுதான் வறட்சி. 2023 ஜூனில் பாலசோர் ரயில் விபத்து நடந்த ராத்திரியே அந்த ஊர் மக்கள் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். கண் கலங்கியது. ஆனால் விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்தில் உயிரைப் பிடித்து நிறுத்துவது, முந்தின வாரம் சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை எவரோ வந்து கொடுத்த ரத்தம்தான்.

சிங்கம்85: டாட்டூ போட்டிருந்தால் கொடுக்கலாமா?

மேலே பாருங்கள்.

அரிய வகை: எனக்கு ஓ என்று நினைத்திருந்தேன். இப்போது பாம்பே குரூப் என்கிறார்கள்.

1952-இல் மும்பையில் கண்டுபிடித்த வகை. மேலோட்டமாகச் சோதித்தால் ஓ மாதிரியே தெரியும், ஆனால் உங்களுக்கு ஓ ரத்தமும் சேராது. இன்னொரு பாம்பே குரூப்காரர்தான் வேண்டும். பர்ஸில் சீட்டு எழுதி வையுங்கள். கூடப்பிறந்தவர்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் ரத்த வங்கியில் பெயரைப் பதிந்து வையுங்கள். ஒருநாள் வெளியூரிலிருந்து கூப்பிடுவார்கள். போய்வாருங்கள்.

ஒரு அம்மா: ஐயா, என் மகளுக்கு 9 வயது, தாலசீமியா, உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத பிறவி நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். இதுவரை எத்தனை பேர் ரத்தம் என்று கணக்கில்லை. யாருக்கு எப்படி நன்றி சொல்வது?

அம்மா, நான் வேலை பார்த்த இடத்தில் உங்களைப் போல ஒருவர் இருந்தார். தன் பையனை ஒரு காகிதத்தில் படம் வரையச் சொல்லி, கீழே "இன்றைக்கு எனக்கு 83ஆவது பாட்டில். ஸ்கூலுக்குப் போகிறேன்" என்று எழுத வைத்தார். பெயர் இல்லை, போட்டோ இல்லை. கொடுத்தவர்கள் உட்கார்ந்து பிஸ்கட்டும் ஜூஸும் சாப்பிடுகிற மேஜைக்கு எதிரே, சுவரில் ஒட்டினோம். ஒவ்வொரு முறை வரும்போதும் பையன் எண்ணை மட்டும் அடித்துவிட்டு மாற்றி எழுதுவான். அதைப் படித்துவிட்டு ஜூஸைப் பாதியில் வைத்தவர்கள் உண்டு. அடுத்த முறை வந்தவர்கள் நேராகச் சுவரைப் போய்ப் பார்ப்பார்கள், எண் ஏறியிருக்கிறதா என்று.

உங்கள் ரத்த வங்கி மருத்துவரிடம் அனுமதி கேட்டுப் பாருங்கள். பாப்பாவிடம் கலர் பென்சில் இருக்கிறதல்லவா?

ஜிம் பாய்: அண்ணே லேட்டாக வந்துவிட்டேன். டாட்டூ...

ஒரு வருடம். தூங்கப் போகிறேன்.