எச்1பி விசாவில் இருப்பவர் ஆயுதப் பயிற்சிக் குழுவில் சேரலாமா?

கேள்வி: ஹூஸ்டன் புறநகரில் எச்1பி விசாவில் இருக்கிறேன். கூடவே தங்கியிருக்கும் மச்சானுக்குக் கிரீன் கார்டு உண்டு, ஏ.ஆர்-15 துப்பாக்கி ஒன்று வாங்கி வீட்டில் வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், சனிக்கிழமைதோறும் ஒரு பண்ணையில் சீருடையோடு பயிற்சி எடுக்கும் குழுவுக்கு எங்களை அழைக்கிறார். "அமெரிக்க அரசமைப்பின் இரண்டாவது திருத்தமே மிலிஷியாவுக்காக, அதாவது மக்கள் படைக்காக, எழுதியதுதான், யாரும் கேட்க முடியாது" என்கிறார். போகலாமா?

பதில்: நீங்கள் போகவே கூடாது. மச்சான் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தக் குழு அவருக்கும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் வேறு.

உங்கள் விஷயம் அரசமைப்பு வரை போகாமலே முடிந்துவிடுகிறது. கூட்டாட்சிச் சட்டத்தின் 922ஆம் பிரிவுப்படி, எச்1பி போன்ற தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். 2022 முதல் உச்சபட்ச தண்டனை 15 ஆண்டுச் சிறை. டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதானவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்பது உண்மைதான். அது மாநிலச் சட்டம், கூட்டாட்சித் தடையை அது தொடாது. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருப்பதும் கிரீன் கார்டு ஆகாது.

"வாங்க மாட்டேன், வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்ப்பேன்" என்பதும் கதைக்கு ஆகாது. கையில் எடுத்தாலே வைத்திருந்ததாகத்தான் கணக்கு. 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கு, மாணவர் விசா தகுதியை இழந்த ஒருவர் ஃபுளோரிடா பயிற்சிக் கூடத்தில் சுட்டதிலிருந்து தொடங்கியதுதான். தம் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. உங்கள் விசா எச்1பி என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவாது.

ஒரு விலக்கு உண்டு: செல்லுபடியாகும் வேட்டை உரிமம். மீன்பிடி உரிமம் போதாது. டெக்சாஸில் வழக்கமான ஆண்டு வேட்டை உரிமம் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவருக்கு வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் தேவை. பலர் சறுக்குவது புதுப்பிப்பில்தான். உரிமம் தீர்ந்த மறுநாள் அலமாரியில் கிடக்கும் துப்பாக்கியே குற்றம். கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் விசா பற்றிய கேள்விக்குப் பொய்ப் பதில் எழுதினால் அது தனிக் குற்றம்.

மச்சானின் துப்பாக்கியைப் பூட்டும் இரும்புப் பெட்டியின் சாவியோ எண்ணோ உங்களுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. கை எட்டும் இடத்தில் இருந்து, எடுக்கவும் உங்களால் முடிந்தால், அது உங்கள் வசம் இருந்ததாக அரசுத் தரப்பு வாதிட வழி உண்டு. தோட்டாக்களுக்கும் இதே விதி.

இனி அந்தக் குழு. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் பாதி, ஏட்டில் இருக்கும் சொல். 1791இல் வந்த இரண்டாவது திருத்தத்தில் மிலிஷியா என்ற சொல் வருகிறது. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 2008 ஹெல்லர் தீர்ப்பு அதைத் தற்காப்புக்காக ஆயுதம் வைத்திருக்கும் தனிநபர் உரிமையாக விளக்கியது. படை திரட்டும் உரிமையாக அல்ல. 1879இல் சிகாகோவில் சுமார் 400 பேரை அணிவகுக்க வைத்து, கையில் வாளோடு குதிரையில் போன ஹெர்மன் பிரெசருக்கு 10 டாலர் அபராதம் விழுந்தது. அனுமதி இல்லாத ஆயுத அணிவகுப்பை மாநிலம் தடுக்கலாம் என்று 1886இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஹெல்லர் தீர்ப்பும் அதைக் கைவிடவில்லை.

டெக்சாஸ் அரசுச் சட்டத்தின் ஒரு பிரிவு, மாநிலப் படைகளும் அமெரிக்க ராணுவமும் தவிர வேறு எவரும் ராணுவ அமைப்பாகச் சேருவதையும், நகர எல்லைக்குள் பொது இடத்தில் ஆயுதத்தோடு அணிவகுப்பதையும் தடுக்கிறது. 'சேருவது' என்ற சொல்லைக் கவனியுங்கள். தனியார் பண்ணை என்பது அதற்குக் கேடயம் ஆகாது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. கால்வெஸ்டன் வளைகுடாவில் இறால் பிடித்த வியட்நாமிய அகதிகளை வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளான் மிரட்டியது. 1981இல் ஒரு கூட்டத்தில் படகையே எரித்துக் காட்டினார்கள். மீனவர்கள் வழக்குப் போட்டார்கள். 1982இல் ஹூஸ்டன் கூட்டாட்சி நீதிபதி கேப்ரியல் மெக்டொனால்ட், அந்த மாநிலச் சட்டத்தின் முந்தைய வடிவத்தையே கையில் எடுத்து, க்ளானின் ஆயுதப் பயிற்சிக்குத் தடை போட்டார்.

நண்பர்களோடு பயிற்சிக் கூடத்தில் சுடுவது, வேட்டைக்குப் போவது, பாதுகாப்பு வகுப்பு எடுப்பது எல்லாம் மச்சானுக்குச் சரி. தளபதி, பதவிப் படிநிலை, சீருடை, வண்டிகளை மறிக்கும் ரோந்து என்று வந்தால் விலகிவிட வேண்டும். கலவரத்தில் பயன்படும் என்று தெரிந்தே ஆயுதப் பயிற்சி கொடுப்பவருக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டுக்காரரையும் நாடு கடத்தலாம்.

ஏற்கனவே போய்ச் சுட்டிருந்தால், விசா தொடர்பாக அடுத்த படிவம் எதிலும் கையெழுத்திடும் முன் குடியேற்ற வழக்கறிஞரையும் குற்றவியல் வழக்கறிஞரையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் இருக்கும் படங்களை அழிக்காதீர்கள். அழித்ததே இன்னொரு வழக்காகலாம்.