மருந்துக்குக் கேட்காத கன்றுக் கழிச்சல்

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கன்றுக் கழிச்சலைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

பிறந்து பத்து நாளான கன்று தண்ணீராய்க் கழிகிறது. போன வருசம் சல்ஃபா மாத்திரையிலேயே நின்றது. இந்தத் தடவை ஊசி போட்டும் நிற்கவில்லை. மருந்தில் கலப்படமா டாக்டர்?

கலப்படம் என்று நான் நினைக்கவில்லை. போன வருசம் நின்றதே மாத்திரையாலா என்பதுதான் என் சந்தேகம். பிறந்து நாலைந்து நாளுக்குள் வரும் கழிச்சலுக்குத்தான் ஈ.கோலை பாக்டீரியா முக்கியக் காரணம். ஒரு வாரம் தாண்டினால் ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்கிற ஒட்டுண்ணி, இவைதான் அதிகம். வைரஸை சல்ஃபா போன்ற ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. கன்று தாங்கிவிட்டால் சில நாளில் தானாக நிற்கும். பேர் மாத்திரைக்குப் போய்விடும்.

ஆனால் குடலுக்குள் அந்த மாத்திரை சும்மா இருக்கவில்லை. மருந்துக்கு அடங்கும் பாக்டீரியாக்கள் செத்து, அடங்காதவை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மருந்துக்கு அடங்காத இந்த எதிர்ப்புக்கான மரபணு பல சமயம் பிளாஸ்மிட் என்கிற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் இருக்கும். அதை ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருக்கும் இன்னொன்றுக்கு, வேறு இனமாக இருந்தாலும், கொடுத்துவிடும். சல்ஃபா, டெட்ராசைக்ளின், ஸ்ட்ரெப்டோமைசின் மூன்றுக்குமான எதிர்ப்பு ஒரே வளையத்தில் இருப்பதும் உண்டு. அதனால் டெட்ராசைக்ளின் மட்டுமே போட்ட தொழுவத்தில் சல்ஃபாவும் வேலை செய்யாமல் போகலாம்.

கழிச்சலில் கன்றுகள் பெரும்பாலும் சாவது உடம்பில் நீர் வற்றித்தான். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே படியாமல் மடிப்பு நின்றால், கண் குழி விழுந்தால், நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். நாம் குடிக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையே, அதில் போட்டிருக்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, 25 கிலோ கன்றுக்கு வேளைக்கு ஒன்றரை லிட்டர் வீதம் இரண்டு மூன்று வேளை கொடுங்கள். பாலை நிறுத்த வேண்டாம். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். சாணியில் ரத்தம், காய்ச்சல், விரலை வாயில் வைத்தால் சப்பாத நிலை, எழுந்து நிற்க முடியாமை, இதில் எது இருந்தாலும் கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்குக் கூப்பிடுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான். ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதை வருகிற டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும்.

மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை சொசைட்டியில் ஊற்றக்கூடாது. கீழே கொட்ட மனசு வராமல் கன்றுக்கு விடுகிறோம். காய்ச்சிக் கொடுத்தால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. எதிர்ப்பு வளர இதைவிடத் தோதான வழி எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாலில் இருக்கும் மருந்து, நோயைத் தீர்க்கப் போதாது; குடலில் இருக்கும் பாக்டீரியாவைப் பழக்கப்படுத்த மட்டும் போதும். அதுவும் தினம் இரண்டு வேளை! காய்ச்சினால் பாலில் உள்ள கிருமி சாகும், மருந்து முழுதாகப் போகாது. கிணற்றை விட்டுத் தள்ளிக் குழி வெட்டி ஊற்றி மூடிவிடுங்கள்.

ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் பாலை ஊற்றக்கூடாது என்பது மருந்து லேபிளில் இருக்கும். 2012-இல் வந்த விதிப்படி, அந்த மருந்துக்கென்று காலக்கெடு வரையறுக்கப்படாவிட்டால் பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். உறை ஊற்றிய பால் விடிந்தும் தோயாமல் பாலாகவே கிடந்தால் மருந்து இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். ஆனால் தயிர் தோய்ந்துவிட்டதால் பால் சுத்தம் என்றும் ஆகாது. மீனாட்சிபுரம் செக்போஸ்டில் சோதனைக்குப் பயந்து மட்டும் ஊற்றாமல் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதே பால் உங்கள் கன்று வழியாக உங்கள் தொழுவத்துக்கே திரும்பி வருகிறது.

எங்கள் கன்றுக்கு ஒரு ஊசிகூடப் போட்டதில்லை. சாணியைச் சோதித்ததில் எதிர்ப்புள்ள ஈ.கோலை என்று ரிப்போர்ட். எப்படி?

தாயின் சாணி, தொழுவத் தரை, பால் வாளி, பக்கத்துக் கன்று, எங்கிருந்தும் வந்திருக்கலாம். மருந்தே காணாத இளங்கன்றுகளின் குடலிலும் இந்த வகை நிறைய இருக்கும். வளர வளரக் குறையும் என்று பல நாட்டு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். கன்று நன்றாக இருந்தால் அந்த ரிப்போர்ட்டுக்காக வைத்தியம் செய்யாதீர்கள்.

இது மனுசருக்கும் வருமா? குழந்தைகள் கன்றோடு விளையாடுகிறார்கள்.

விளையாடட்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். கழிச்சல் கன்று இருக்கும்போது மட்டும் தள்ளி வையுங்கள். பச்சைச் சாணியைக் கீரைப் பாத்தியில் போடாமல் மக்கவிட்டுப் போடுங்கள். பயம் வெறும் பயமில்லை. மனுசருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருந்த கோலிஸ்டினுக்கு எதிரான, பிளாஸ்மிட்டில் பரவும் மரபணுவை 2015-இல் சீனாவில் முதலில் அறிவித்தபோது, பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் அது இருந்தது. உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்கு அந்த மருந்தை இந்தியா 2019-இல் தடை செய்துவிட்டது. பழைய பாக்கெட் வீட்டில் இருந்தால் பயன்படுத்தாதீர்கள்.

மடிநோய்க்குக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு பூசலாமா?

ஆரம்ப நிலையில் பூசலாம். மடி கல்லாகி, காய்ச்சலும் வந்துவிட்டால் இதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

கழிச்சலே வராமல் இருக்க ஒரு மருந்து சொல்லுங்கள்.

சீம்பால். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. முதல் பாதி, பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள்; மீதி பன்னிரண்டு மணி நேரத்துக்குள். ஒரு நாள் போனால் அதில் உள்ள நோய் எதிர்ப்புச் சக்தியைக் குடல் உறிஞ்சாது. நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து காத்திருக்காதீர்கள், கன்று ஊட்டினால் நஞ்சு விழவும் அது உதவும்.