கணினி கேள்வி–பதில்: குளோன் வேறு, பேக்கப் வேறு

லேப்டாப்பில் இருப்பது 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிவிட்டேன். டிஸ்க்கில் நிரம்பியிருப்பது 180 ஜிபிதான். ஆனாலும் குளோன் (வட்டை அப்படியே நகலெடுப்பது) எடுக்கும் குளோன்ஸில்லா மென்பொருள், புது வட்டு சிறியது என்று சொல்லி நின்றுவிடுகிறது. ஏன்?
– வாசகர், கரூர்

குளோன்ஸில்லா பார்ப்பது வட்டின் மொத்த அளவை. எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை அல்ல. 500 ஜிபி என்று விற்கும் வட்டு விண்டோஸ் கணக்கில் சுமார் 465 ஜிபி. உங்கள் எஸ்எஸ்டி 447. இந்த 18 ஜிபிதான் தடுக்கிறது.

'டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைச் சுருக்கிவிடு, சரியாகிவிடும்' என்று பலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. நிறைய லேப்டாப்களில் சி டிரைவுக்குப் பின்னால், வட்டின் கடைக்கோடியில் ஒரு ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸை மீட்பதற்கான தனிப் பகுதி) இருக்கும். சி-யை எவ்வளவு சுருக்கினாலும் அது இடத்தை விட்டு அசையாது. 447-ஐத் தாண்டியே நிற்கும். அதை ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் மென்பொருள் கொண்டு முன்னால் நகர்த்திவிட்டு, குளோன்ஸில்லாவின் எக்ஸ்பர்ட் முறையில் அளவுச் சோதனையைத் தவிர்க்கலாம். பார்ட்டிஷன் வேலையில் கை பழகாதவர்களுக்கு அந்த வழியைச் சொல்ல மனம் வரவில்லை.

எஸ்எஸ்டி எந்த நிறுவனத்துடையது என்று பாருங்கள். டபிள்யூடி, குரூஷியல் இரண்டும் தங்கள் வட்டு வாங்கியவர்களுக்கு அக்ரோனிஸ் என்ற குளோன் மென்பொருளின் ஒரு பதிப்பை இலவசமாகத் தருகின்றன. சாம்சங்குக்கு அதன் சொந்த டேட்டா மைக்ரேஷன் இருக்கிறது. சாம்சங் எஸ்எஸ்டிக்கு மட்டுமே அது நகலெடுக்கும். இவை பார்ட்டிஷன்களைப் புது வட்டின் அளவுக்குத் தாமே சுருக்கிக்கொள்ளும். முன்பு எல்லோரும் சொல்லிவந்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய கோப்பை எங்கிருந்தோ எடுத்துப் போடாதீர்கள். இன்னும் வாங்காதவர்கள் 512 ஜிபியாக வாங்கிவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

குளோன்ஸில்லா போலப் பென்டிரைவிலிருந்து ஓடும் மென்பொருள் என்றால், அதற்கு முன் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். விரைவாகத் தொடங்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்போது சாதாரணமாக அணைத்தால் விண்டோஸ் முழுதாக மூடாது. அந்த நிலையில் சி டிரைவை நகலெடுக்க குளோன்ஸில்லா மறுத்துவிடும். குளோன் முடிந்ததும் பழைய வட்டைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் மாட்டி ஒருமுறை இயக்குங்கள். இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றே என்பதால், சேர்ந்திருந்தால் எதிலிருந்து பூட் ஆனது என்றே தெரியாமல் போகும்.

டெஸ்க்டாப்பில் சாட்டா (பழைய இணைப்பு வகை) வட்டிலிருந்து, வேகமான புது வகையான என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு குளோன் செய்தேன். பூட் செய்தால் நீலத்திரை: 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்'.
– வாசகர், திருநெல்வேலி

குளோனில் பிழை இருக்க வாய்ப்பு குறைவு. பழைய விண்டோஸ், தொடங்கும்போதே என்விஎம்இ டிரைவரை ஏற்றப் பழகவில்லை. அவசியமான டிரைவர்களுடன் மட்டும் ஓடும் சேஃப் மோடில் ஒருமுறை ஏறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எளிய வழி: பழைய வட்டில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பக்கத்தில் சேஃப் பூட் டிக் செய்துவிட்டு, அந்த நிலையிலேயே மறுபடி குளோன் எடுங்கள். புதிய வட்டில் சேஃப் மோட் வந்ததும் டிக்கை எடுத்துவிடலாம். இதற்கிடையில் பயாஸில் வட்டு இயங்கும் முறையை (ஏஹெச்சிஐ, ரெய்டு) மாற்றியிருந்தால் முதலில் பழையபடி வையுங்கள்.

பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதிக்கொண்ட பிறகே வட்டைத் தொடுங்கள். பூட்டிய டிரைவை குளோன்ஸில்லா காலி இடத்தையும் சேர்த்து செக்டர் செக்டராக நகலெடுக்கும்; நேரம் பல மடங்காகும்.

கடைக் கணக்கு டேலியில். மாதம் ஒரு குளோன் எடுத்துவைத்தால் பேக்கப்புக்குப் போதுமா?
– வாசகர், ஈரோடு

போதாது. குளோன் என்பது ஒரே ஒரு நாளின் நிலை. அடுத்த மாதம் அதே வட்டில் எடுத்தால் முந்தையது அழிந்துவிடும். போன மாதம் கெட்டுப்போன ஒரு கணக்குக் கோப்பை இந்த மாதம்தான் கவனிக்கிறீர்கள் என்றால், குளோனிலும் கெட்ட கோப்புதான் இருக்கும்.

உங்களுக்குத் தேவை இமேஜ் பேக்கப், அதாவது வட்டின் நிலையைக் கோப்பாகச் சேமிப்பது. வீம் ஏஜென்ட்டின் இலவசப் பதிப்பு போதுமானது: முதலில் முழுதாக எடுக்கும், பிறகு மாறிய பகுதிகளை மட்டும். எத்தனை நாள் நிலைகள் இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். ஒரே ஒரு கோப்பையும் தனியாக மீட்கலாம். டேலியை மூடிய பிறகு ஓடும்படி இரவு நேரம் குறித்துவிடுங்கள். டேலியின் டேட்டா ஃபோல்டரைத் தனியாக ஒரு பென்டிரைவிலும் எடுங்கள்.

வெளி வட்டு எப்போதும் செருகியே இருந்தால் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) அதையும் பூட்டிவிடும். இரண்டு வட்டு வைத்து வாரம் ஒருமுறை மாற்றுங்கள். கழற்றியது வீட்டில் இருக்கட்டும். மிக முக்கியம், விண்டோஸ் ஏறாதபோது பேக்கப்பிலிருந்து மீட்க உதவும் ரெக்கவரி பென்டிரைவை இன்றே தயாரித்து, அதிலிருந்து கணினியை ஒருமுறை பூட் செய்து, உங்கள் பேக்கப் வட்டு அதில் தெரிகிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி டிரைவர் இல்லாமல் வட்டு தெரியவில்லை என்றால், அதைச் சரிசெய்ய இன்று நேரம் இருக்கிறது.

வட்டு மிகவும் மந்தமாகிவிட்டது. வட்டின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் காட்டுகிறது. எதில் குளோன் செய்யலாம்?
– வாசகர், தஞ்சாவூர்

கெட்டுவரும் செக்டர்களைக் காட்டும் சி5, சி6 வரிசைகளில் எண் ஏறிக்கொண்டே போனால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம்; விண்டோஸின் வட்டுச் சோதனையான செக்டிஸ்க்கும் ஓட்டாதீர்கள். சிஸ்டம்ரெஸ்க்யூ பென்டிரைவில் வரும் டிடிரெஸ்க்யூ முதலில் நல்ல பகுதிகளை எடுத்துக்கொண்டு, கெட்டவற்றைக் கடைசிக்கு ஒதுக்கும். எதுவரை எடுத்தது என்று குறித்துக்கொள்ளும் அதன் மேப் கோப்பை மூன்றாவது ஒரு வட்டில் சேமியுங்கள். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். டக் டக் என்று சத்தம் வந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டேட்டா மீட்பு ஆய்வகத்திடம் கொடுங்கள்.